வலது இருக்கைக்கு வயது உண்டா?

ஐம்பது வயதைத் தாண்டியவர் புதிதாக விமானப் பயிற்றுநர் ஆகலாமா? அமெரிக்கச் சட்டம் இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறது. விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது. வணிக விமானி உரிமம், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, இரண்டு எழுத்துத் தேர்வுகள், ஸ்பின் எனப்படும் சுழல் வீழ்ச்சியில் பயிற்சி, கடைசியாகத் தேர்வாளர் முன்னால் ஒரு நீண்ட வாய்மொழித் தேர்வும் பறந்து காட்டும் தேர்வும். இவற்றைக் கடந்தால் வயது எதுவானாலும் சான்றிதழ் கிடைத்துவிடும்.

சட்டம் தடுக்கவில்லை என்பதால் தகும் என்று ஆகிவிடாது. வயதும் விமானமும் பற்றி நூறாண்டுக்கும் மேலாகப் பேசிவருகிறார்கள். மருத்துவர்கள், உளவியலாளர்கள், விமான நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனிப் பதில் உண்டு. அந்தப் பதில்களில் பெரும்பாலானவை வேறு யாரையோ மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நாற்பதிலோ ஐம்பதிலோ பறக்கக் கற்று, அதன்பின் கற்பிக்கவும் விரும்புகிறவரை நேராகப் பார்த்துச் சொன்ன பதில் மிகக் குறைவு. இப்போது கிடைக்கும் பதில்கள் எங்கிருந்து வந்தன, அவரைப் பற்றி அவை எவ்வளவு தூரம் பேசுகின்றன என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது. அமெரிக்காவை மையமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தனியார் பறத்தல் அங்கேதான் பெரிய அளவில் நடக்கிறது. ஆய்வுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்திருக்கின்றன.

கோஸ்போர்ட் விட்டுச்சென்ற கேள்வி

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் கற்பிப்பதைத் தனி வேலையாக யாரும் கருதவில்லை. போர்முனையில் களைத்துப் போனவர்களும் வேறு வேலைக்கு ஒத்துவராதவர்களும் பயிற்சிக் களங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பிரான்சில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்த ராபர்ட் ஸ்மித்-பாரி, தன்னிடம் வந்து சேர்ந்த இளம் விமானிகளின் அரைகுறைப் பயிற்சியைக் கண்டு மேலிடத்துக்கு ஓயாமல் எழுதினார். பின்னர் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கோஸ்போர்ட்டில் ஒரு பயிற்சிப் பிரிவு அவர் கைக்கு வந்தது.

அங்கே அவர் செய்த மாற்றங்களின் சாரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இருவரும் இயக்கக்கூடிய இரட்டைக் கட்டுப்பாட்டு ஆவ்ரோ விமானம், பயிற்றுநரின் குரலை மாணவரின் காதுக்குக் கொண்டுபோகும் பேச்சுக் குழாய், ஆபத்தான நிலைகளை ஒளித்துவைக்காமல் வேண்டுமென்றே உண்டாக்கி மீளக் கற்றுக்கொடுப்பது ஆகியவை அவை. எல்லாவற்றையும் விட முக்கியமானது, பயிற்றுநர்களையே தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம். நன்றாகப் பறக்கத் தெரிந்தவருக்கு நன்றாகக் கற்பிக்கவும் தெரியும் என்ற நம்பிக்கை முதன்முதலாக உடைந்த இடம் கோஸ்போர்ட் என்று சொல்லலாம்.

அந்த நம்பிக்கை முழுதாகச் சாகவில்லை. வயதைப் பற்றிய வாதங்களில் பல இன்றும் பறக்கும் திறனை அளந்துவிட்டுக் கற்பிக்கும் திறனுக்குத் தீர்ப்புச் சொல்கின்றன.

உடல் தளரும் என்ற வாதம்

வயதுக்கு எதிரான நிலைப்பாடுகளில் பழையதும் வலுவானதும் மருத்துவத்திலிருந்து வருகிறது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற திடீர் முடக்கங்கள் வயதோடு கூடும். கண்ணும் காதும் மங்கும். புதிய தகவலை உள்வாங்கிச் செயல்படும் வேகம் குறையும். கடைசியாகச் சொன்னதை உளவியலாளர் திமோதி சால்ட்ஹவுஸ் 1996-இல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். முதுமையில் நினைவும் சிந்தனையும் சரிவதன் பெரும்பகுதியை இந்த வேகக் குறைவைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது அவர் வாதம்.

இந்தக் கவலைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது அமெரிக்க விமானத் துறை நிர்வாகத்தின் அறுபது வயது விதி. எல்வுட் கெசாடா தலைமையில் இருந்தபோது 1960 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. பெரிய விமான நிறுவனங்களின் விமானிகள் அறுபதில் இறங்கியாக வேண்டும் என்றது அது. அறுபது என்ற எண் எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்ற கேள்வி அன்றே எழுந்தது; அதற்கு நிறைவான பதில் கடைசிவரை வரவில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006-இல் வரம்பை 65 ஆக்கியது. அமெரிக்கா 2007 டிசம்பரில் அதைப் பின்பற்றியது. 67 ஆக்கும் முயற்சி 2024-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

இந்த விதிகள் விமான நிறுவனங்களுக்கு மட்டுமே. பயிற்றுநர் பெறும் ஊதியம் கற்பிப்பதற்கானது, விமானியாக வேலை செய்ததற்கானது அல்ல என்பது நிர்வாகத்தின் நெடுநாள் நிலைப்பாடு. ஆகவே கீழ்நிலை மருத்துவச் சான்றிதழே அவருக்குப் போதும். 2017 மே மாதத்திலிருந்து, குடும்ப மருத்துவரே சோதித்துக் கையெழுத்திடக்கூடிய எளிய ஏற்பாடும் சிறு விமானங்களுக்கு இருக்கிறது. தானே பொறுப்பு விமானியாக இருக்கத் தகுதியுள்ள ஒருவருக்குக் கற்பிக்கும்போது பயிற்றுநருக்குச் சில சூழல்களில் மருத்துவச் சான்றிதழே தேவைப்படுவதில்லை. நேற்று அறுபத்தைந்து நிரம்பிப் பயணியர் விமானத்திலிருந்து இறங்கியவர், இன்று செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதல் பாடம் நடத்தலாம்.

இது ஓட்டை என்பார் சிலர். நியாயம் என்பதே என் கருத்து. நூற்றைம்பது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும் விமானமும் இருவர் மட்டும் இருக்கும் விமானமும் ஒரே அளவு ஆபத்தைச் சுமப்பதில்லை. ஆனால் ஒன்றை இங்கே மறைக்கக் கூடாது. நிறுவன விமானத்தில் ஒருவர் மயங்கினால் பக்கத்தில் பயிற்சி பெற்ற இன்னொருவர் இருக்கிறார். பயிற்சி விமானத்தில் பக்கத்தில் இருப்பவர் மூன்றாவது பாடத்தில் இருக்கும் மாணவராக இருக்கலாம். மருத்துவத் தரப்பின் மிக வலுவான புள்ளி இதுதான். வயதுக்கு ஆதரவாக எழுதுகிறவர்களில் பலர் இதைத் தொடாமலே போய்விடுகிறார்கள்.

அனுபவம் ஈடுகட்டும் என்ற வாதம்

எதிர்த் தரப்பின் ஆதாரங்களும் கனமானவை. சால்ட்ஹவுஸே 1984-இல் தட்டச்சு செய்வோரை ஆராய்ந்தார். எளிய எதிர்வினைச் சோதனைகளில் மூத்தவர்கள் தெளிவாகப் பின்தங்கினார்கள். தட்டச்சு வேகத்திலோ குறையவில்லை. அவர்களுடைய கண் தாளில் இளையவர்களைவிடச் சில எழுத்துகள் முன்னால் போய்க்கொண்டிருந்தது என்பது அவர் கண்ட விளக்கம்.

விமானிகளிடமும் இதற்கு நெருங்கிய முடிவுகள் கிடைத்தன. ஜாய் டெய்லரும் சகாக்களும் 40 முதல் 69 வயது வரையான 118 விமானிகளை மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறை சிமுலேட்டரில் பறக்கவைத்துப் பார்த்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூத்தவர்கள் முதலில் சற்றுப் பின்தங்கியே தொடங்கினார்கள். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களுடைய செயல்திறன் இளையவர்களுடையதைவிடக் குறைவாகவே சரிந்தது. உயர்ந்த உரிமம் பெற்றிருந்தவர்கள் எந்த வயதிலும் மேலாக நின்றார்கள். குவோஹுவா லியின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு விபத்துகளையே எடுத்துக்கொண்டது. சிறு நிறுவன, வாடகை விமானங்களில் வேலை செய்த 3,306 விமானிகள். 1987-இல் அவர்களுக்கு 45 முதல் 54 வயது. பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, ஐம்பதுகளின் கடைசிக்கு வந்தும் விபத்து வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. 5,000 மணி நேரத்துக்குக் குறைவாகப் பறந்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், 5,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்ட அனுபவம் உள்ளவர்களின் ஆபத்து 57 விழுக்காடு குறைவு. டேனியல் மாரோவின் ஆய்வுகள் இன்னொரு நுணுக்கத்தைச் சேர்க்கின்றன. கட்டுப்பாட்டு அறையின் செய்தியைக் குறித்துக்கொள்ளத் தாளும் பேனாவும் கொடுத்தால், அனுபவமுள்ள மூத்த விமானிகளின் பின்னடைவு பெரிதும் குறைகிறது.

இந்த ஆய்வுகளுக்கு ஒரு பொதுவான குறை உண்டு. மருத்துவச் சோதனையில் தோற்றவர்களும் தாங்களாகவே நிறுத்திக்கொண்டவர்களும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள், மிஞ்சியிருப்பவர்கள் நலமானவர்கள். லியின் குழுவே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம் கேள்விக்கு இதைவிடப் பெரிய குறை வேறு. வயது பறித்துக்கொள்வதை அனுபவம் திருப்பிக் கொடுக்கிறது என்பதே இந்த ஆய்வுகளின் சாரம். ஐம்பத்திரண்டு வயதில் பறக்கத் தொடங்கி ஐம்பத்தாறில் பயிற்றுநர் ஆகிறவரிடம் அந்த அனுபவம் எங்கே இருக்கிறது? வழக்கமான பாதையில் வணிக உரிமத்துக்கு வேண்டியது 250 மணி நேரம். வயதின் இழப்பு அவருக்கு முழுதாக உண்டு. அதற்கான ஈடோ இன்னும் கையில் இல்லை. முப்பது ஆண்டு பறந்து ஓய்வுபெற்றுக் கற்பிக்க வருகிறவரும் இவரும் ‘வயதான பயிற்றுநர்’ என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுகிறார்கள். இந்த விவாதம் குழம்பிக் கிடப்பதற்கு முதல் காரணமே அந்த ஒற்றைப் பெயர்தான்.

கற்பிப்பது வேறு திறன்

தாமதமாக வந்தவருக்கு அனுபவம் குறைவு என்றால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறதா? மூன்றாவது தரப்பு இல்லை என்கிறது.

தரையிறங்கும் தருணத்தை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதைக்கு மேல் பத்துப் பதினைந்து அடி. எஞ்சின் ஒலி அடங்கியிருக்கிறது. வேகம் குறைந்துகொண்டே வருகிறது. மாணவர் விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்க வேண்டிய நேரம். கொஞ்சம் பதறி இழுத்தால் விமானம் திரும்ப மேலே மிதக்கும். மிதந்தபின் வேகம் செத்துத் தொப்பென்று விழும், அல்லது பயந்த மாணவர் முன்னால் தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் போய் மோதும். பயிற்றுநரின் வலது கை கட்டுப்பாட்டைத் தொடாமல் அதற்குச் சற்றுக் கீழே காத்திருக்கிறது. இடது கை, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு அருகில். சீக்கிரம் வாங்கிக்கொண்டால் மாணவர் எதையும் கற்கவில்லை. தாமதித்தால் சக்கரம் உடையும். “மை கன்ட்ரோல்ஸ்” என்று சொல்வதா, அல்லது “பிடி, அப்படியே பிடி” என்று மட்டும் சொல்லி மாணவரையே இறக்கவிடுவதா? இரண்டு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும்.

இங்கே தேவைப்படுவது எதிர்வினை வேகமா, முன்கணிப்பா? மாணவரின் தோள் இறுகுவதை, பார்வை ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து மூக்குக்குக் கீழே விழுவதைக் கண்டுகொள்கிறவருக்கு, தவறு நிகழும் முன்பே தெரிந்துவிடுகிறது. மூத்த தட்டச்சுக்காரரின் கண் முன்னால் ஓடியதைப் போன்றது இது. ஆனால் அந்தக் கண் பறந்த மணிகளால் வருமா, கற்பித்த மணிகளால் வருமா என்பது முக்கியம். கற்பித்ததால்தான் என்பதே பொருத்தமாகப் படுகிறது. இருபதாண்டுகள் இடது இருக்கையில் பறந்தவருக்குக்கூட, பயிற்றுநருக்குரிய வலது இருக்கைக்கு மாறியதும் கை மாறுகிறது. ஓடுபாதையின் நடுக்கோடு வேறு கோணத்தில் தெரிகிறது. முதல் சில தரையிறக்கங்கள் கோணலாகவே அமைகின்றன. அந்த இருக்கையில் எல்லோரும் ஓரளவுக்குப் புதியவர்கள்தாம்.

கல்வி ஆய்விலிருந்தும் இதற்கு ஒரு துணை கிடைக்கிறது. மிட்செல் நேதனும் அந்தோணி பெட்ரோசினோவும் 2003-இல், ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர்களிடம் ஓர் உண்மையைக் கண்டார்கள். கணிதத்தில் அதிகம் தேர்ந்தவர்களே, மாணவர்களுக்கு எது கடினம், எது எளிது என்பதைத் தவறாகக் கணித்தார்கள். வல்லவரின் குருட்டுப் புள்ளி என்று இதைச் சொல்லலாம். பல்லாயிரம் மணி நேரம் பறந்தவருக்கு, மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டரை எப்போது மிதிக்கக் கற்றோம் என்பதே மறந்துபோயிருக்கும். கால் தானாகப் போகிறது. நான்கு வருடத்துக்கு முன்பு அதே இடத்தில் திணறியவருக்குத் திணறல் நினைவில் இருக்கிறது. வகுப்பறைக் கணிதத்தில் கண்டதை விமானத்துக்கு அப்படியே கொண்டுவரலாமா என்பது உறுதியில்லை. ஆனாலும் புறக்கணிக்கக்கூடிய வாதம் அல்ல இது.

பயிற்றுநர்களுக்கு அமெரிக்க நிர்வாகம் தரும் கையேடும் இதே திசையில்தான் போகிறது. இரண்டு எழுத்துத் தேர்வுகளில் ஒன்று முழுக்கவும் கற்றல், கற்பித்தல் பற்றியது. தார்ன்டைக்கின் கற்றல் விதிகளும் மாஸ்லோவின் தேவைப் படிநிலையும் அதில் உண்டு. பள்ளியில், தொழிற்சாலையில், மருத்துவமனையில் இருபது ஆண்டு பிறரைப் பழக்கியவருக்கு அந்தத் தாள் கோட்பாட்டுச் சுமையாகத் தோன்றாது. பெரியவர்கள் தங்கள் அனுபவத்தை மூலதனமாகக் கொண்டு கற்கிறார்கள் என்று 1970-களில் மால்கம் நோல்ஸ் சொன்னதும் அடிக்கடி துணைக்கு அழைக்கப்படுகிறது. ஆனால் நோல்ஸின் கருத்துகள் சோதித்து நிறுவப்பட்டவற்றைவிட விரும்பி ஏற்கப்பட்டவையே அதிகம். அவற்றின் மேல் பெரிய மாளிகை கட்டுவது நல்லதல்ல.

வேறொரு துறையில் பழுத்த அதிகாரமும் காக்பிட்டுக்குள் ஆபத்தாகலாம். அறுவை அரங்கில் தன் சொல்லே கடைசிச் சொல்லாக இருந்து பழகியவர், வானிலை மோசமானபோது “இன்று வேண்டாம்” என்று இருபத்தைந்து வயதே ஆன ஒரு தலைமைப் பயிற்றுநர் சொல்வதைக் கேட்பாரா? வயதால் வரும் நிதானத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். வயதால் வரும் பிடிவாதத்தை அவ்வளவு பேர் எழுதவில்லை.

தங்குகிறவரும் கடந்துபோகிறவரும்

நான்காவது வாதத்துக்கு உளவியலோடு தொடர்பில்லை. அது வேலைச் சந்தையிலிருந்து வருகிறது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 என்ற பயணியர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தின் விளைவாக, நிறுவன விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. 250 மணி நேரத்தில் உரிமம் பெற்ற இளைஞர் மீதியைச் சேர்க்க எளிதில் கிடைக்கும் வேலை, கற்பிப்பதுதான். ஆகவே அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளில் பெரும் பகுதி, வேறு இடத்துக்குப் போகும் வழியில் கொஞ்ச காலம் தங்குகிறவர்களால் இயங்குகிறது. மாணவர் பாதியில் இருக்கும்போதே பயிற்றுநர் விடைபெற்றுக்கொள்கிறார். புதியவர் வந்து பாடத்தைத் திரும்பத் தொடங்குகிறார். மாணவரின் பணமும் ஊக்கமும் கரைகின்றன. பறக்கத் தொடங்கும் மாணவர்களில் பெரும்பான்மையோர் உரிமம் பெறாமலே விலகிவிடுகிறார்கள் என்பது அந்நாட்டுப் பறத்தல் உலகம் பல காலமாக ஏற்றுக்கொண்ட உண்மை.

ஐம்பத்தைந்து வயதில் வருகிறவர் விமான நிறுவனத்தை நோக்கி வரவில்லை. ஓய்வூதியமோ முந்தைய சேமிப்போ இருந்தால் குறைந்த கூலி அவரை விரட்டாது. ஒரே சிற்றூர் விமான தளத்தில் பத்து ஆண்டு இருப்பார். இந்த வாதத்தை நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக மதிக்கிறேன், ஏனென்றால் இது மாணவரின் பக்கத்திலிருந்து எழுகிறது. ஆனாலும் ஒரு திருத்தம் தேவை. தங்குகிறார் என்பதால் போதிய அளவு கற்பிக்கிறார் என்று பொருளில்லை. வாரத்துக்கு ஒரு பாடம் நடத்துகிறவரின் கை பழகாது. 2024 டிசம்பர் முதல் அமெரிக்கப் பயிற்றுநர் சான்றிதழில் காலாவதித் தேதி இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பித்துக் காட்டும் கடமை மட்டும் தொடர்கிறது. அந்தக் கடமையை வானத்துக்கே போகாமல் ஒரு புத்தாக்கப் படிப்பாலும் நிறைவேற்றிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டும் அதன் எல்லையும்

இந்த விவாதத்தில் தவறாமல் வரும் பெயர் எவலின் பிரையன் ஜான்சன். 1909-இல் கென்டக்கியில் பிறந்தவர். 1944-இல், முப்பத்து நான்கு வயதில்தான் முதல் பாடம். 1947-இல் பயிற்றுநர் ஆனார். டென்னசி மாநிலத்து மோரிஸ்டவுன் விமான தளத்தில் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வயது வரை கற்பித்தார். அவர் பறந்தது 57,635 மணி நேரம். வேறெந்தப் பெண் விமானியும் அவ்வளவு பறந்ததில்லை என்று கின்னஸ் பதிந்தது. 2012-இல் 102 வயதில் மறைந்தார்.

கேட்கக் கேட்க நெஞ்சு நிறையும் வாழ்க்கை அது. ஆனால் ஆதாரமாக எடுத்தால் அது ஒன்றைத்தான் காட்டுகிறது: இப்படியும் முடியும். எத்தனை பேருக்கு முடியும் என்பதை ஒரு தனி வாழ்க்கை சொல்லாது. மேலும், எழுபதிலும் எண்பதிலும் அவரைத் தாங்கியது முப்பதுகளின் கடைசியிலிருந்து நாள்தோறும் வலது இருக்கையில் உட்கார்ந்த பழக்கமாக இருந்திருக்கலாம். ஐம்பத்தாறில் தொடங்குகிறவருக்கு அவர் நேரடி முன்மாதிரி அல்லர்.

இன்னும் அளக்கப்படாதது

இதுவரை கிடைத்ததை வைத்துச் சில முடிவுகளை எச்சரிக்கையோடு சொல்லலாம். வயது மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்குகிறது என்பதற்கு ஆதாரம் பலவீனமாக இருக்கிறது. அனுபவம் எல்லாவற்றையும் ஈடுகட்டும் என்பது தாமதமாக வந்தவர்களுக்குப் பொருந்தும் என்பதோ இன்னும் காட்டப்படவில்லை. அவர்களுடைய உண்மையான அபாயம் தளர்ந்த கைகளைவிட மெலிந்த பறத்தல் குறிப்பேட்டிலும் விட்டு விட்டுப் பறப்பதிலும் இருக்கக்கூடும். இவை இரண்டும் சரிசெய்யத்தக்கவை. சான்றிதழ் கிடைத்த முதல் ஓராண்டு அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் கற்பிப்பது, மாதத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று தனக்கே வரம்பு வைத்துக்கொள்வது, மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் இருப்பது ஆகியவற்றுக்கு ஒரு விதி வந்து சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மீதி இருப்பது மாணவர் என்ன பெற்றார் என்ற கேள்வி. முப்பது வயதுப் பயிற்றுநரிடம் கற்றவருக்கும், ஐம்பத்தைந்தில் பயிற்றுநர் ஆனவரிடம் கற்றவருக்கும், ஓய்வுபெற்ற நிறுவன விமானியிடம் கற்றவருக்கும் தேர்ச்சியில், விலகலில், பிற்கால விபத்துகளில் என்ன வேறுபாடு? முதல் முயற்சியில் தேறுவது நல்ல கற்பித்தலின் முழு அளவுகோல் அல்ல. தேர்வுக்கு மட்டும் பழக்கியும் தேற வைக்கலாம். ஆனாலும் தொடங்க அது ஓர் இடம்.

அதற்கான தரவைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அமெரிக்காவில் பறத்தல் தேர்வுக்குப் பயிற்றுநர் ஒருவர் மாணவரைப் பரிந்துரைக்கும்போது விண்ணப்பத்தில் அவருடைய பெயரும் சான்றிதழ் எண்ணும் பதிவாகின்றன. தேர்வின் முடிவு அதே நிர்வாகத்திடம் வந்து சேர்கிறது. ஐந்து மாணவர்களையாவது பரிந்துரைத்து, அவர்களில் 80 விழுக்காட்டினர் முதல் முயற்சியில் தேறினால், அதையே தகுதிப் புதுப்பிப்பாக ஏற்கும் அளவுக்கு அந்தக் கணக்கு நடைமுறையில் இருக்கிறது. பயிற்றுநரின் பிறந்த தேதியும் அவர் முதன்முதலில் சான்றிதழ் பெற்ற நாளும் அதே அலுவலகத்தின் கோப்புகளில் உள்ளன. பெயர்களை நீக்கிவிட்டு அவற்றை ஒன்றுசேர்த்து வெளியிட வேண்டும்.